கட்டணமில்லாத ட்ரம்பெற் வகுப்பு: ஆறு வருட அனுபவம்

மகள் ட்ரம்பெற் பழகுகிறாள் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் உடனே கேட்பது, எந்த இசைப்பள்ளி, மாதம் எவ்வளவு என்றுதான். பள்ளி இல்லை, தேவாலயத்தில், காசும் இல்லை என்றால் முகம் மாறும். "மதம் மாத்திப்போடுவாங்கள், கவனம்" என்றார் ஒருவர். இன்னொருவர், "சும்மா கிடைக்கிறது சும்மாதான் இருக்கும்" என்றார். ஆறு வருடம் போய் வந்தாயிற்று. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இடம் ஜேர்மனியில் கிழக்கு வெஸ்ற்பாலியா, லோனே நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். நான் சமையலறை அலமாரி செய்யும் தொழிற்சாலையில் வேலை; இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் வீட்டில் ஒருவராவது அந்த வேலைதான். ஊர்ப் புரொட்டஸ்தாந்து தேவாலயத்துக்கு ஒரு ஊதல் குழு இருக்கிறது. டொச்சில் (ஜேர்மன் மொழியில்) பொசௌனன்கோர் என்பார்கள். பொசௌன என்றால் ட்ரொம்போன். ஆனால் ட்ரம்பெற், ஃப்ளூகல்ஹோர்ன், டெனோர்ஹோர்ன், டியூபா எல்லாம் இருக்கும், பித்தளையாக இருந்தால் சரி. எங்கள் குழுவில் 22 பேர். ஆகச் சின்னவனுக்கு வயது 8, ஆக மூத்தவருக்கு 83. நாடு முழுக்க இப்படி ஆயிரக்கணக்கான குழுக்கள், ஊதுகிறவர்கள் ஒரு இலட்சமளவில்.

குழுவை நடத்துகிறவரை நாங்கள் வீட்டில் மாஸ்ரர் என்போம். மகள் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், அதுவும் நீ, வா, போ என்று. எழுபது வயது மனிதரை! முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது. காரில் வரும்போது ஏசினேன். டொச்சில் 'டூ' என்றால் நீ, 'சீ' என்றால் நீங்கள். "அப்பா, குழுவில் எல்லாரும் 'டூ'தான், 'சீ' என்று சொன்னால் அவர் சிரிப்பார்" என்றாள். அடுத்த கிழமை நானே 'சீ' போட்டுக் கதைத்துப் பார்த்தேன். சிரித்தார்.

வாழ்நாள் முழுக்க வீடுகளுக்கு வெப்பமூட்டி பொருத்தும் வேலை செய்தவர். பகலில் குழாய், பின்னேரம் குழாய் என்று தானே சொல்லிச் சிரிப்பார். ஒன்பது வயதில் இந்தக் குழுவில் ஊதத் தொடங்கியிருக்கிறார். 1979 அட்வெண்ட் (நத்தாருக்கு முந்திய நாலு கிழமை) நேரத்தில் முந்தைய தலைவர் நோயில் விழ, 24 வயதுப் பொடியனிடம் "நத்தார் முடியும்வரை பார்த்துக்கொள்" என்று ஒப்படைத்தார்களாம். அந்த நத்தார் இன்னும் முடியவில்லை. 46 வருடம். சம்பளம் கிடையாது.

எனக்கு இது பிடிபட நாள் எடுத்தது. நான் யாழ்ப்பாணத்து அளவெட்டியான். தவிலென்றால் தட்சிணாமூர்த்தி, நாதஸ்வரமென்றால் பத்மநாதன் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர். எங்களுக்கு ஊதுவதும் அடிப்பதும் தொழில், பரம்பரை, விடிய விடியச் சாதகம். திருவிழாவுக்குப் பேசி, முற்பணம் கொடுத்து, வெற்றிலை வைத்து அழைத்துவர வேண்டியவர்கள் அவர்கள். இங்கே வந்தால் பேக்கரிக்காரர், மருத்துவமனைத் தாதி, ஓய்வு பெற்ற தபால்காரர், பள்ளிப் பிள்ளைகள், எல்லாரும் வேலை முடிந்து சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து உட்கார்ந்து ஊதுகிறார்கள். தரம் எப்படி இருக்கும் என்று நினைத்தேனோ அப்படித்தான் முதல் நாள் இருந்தது. கமகம் இல்லை, அசைவு இல்லை. ஒவ்வொரு சுரமும் எங்கள் தொழிற்சாலைப் பலகைமாதிரி நேராக வந்து நிற்கிறது. போதாததற்கு மகள் வீட்டில் தன் பகுதியை வாசித்துப் பழகும்போது மூன்று சுரத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள். இதுவா பாட்டு என்று மனைவி கேட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மழை என்று காரில் இருக்காமல் உள்ளே போய் வாங்கில் உட்கார்ந்தேன். மகள் அதே மூன்று சுரத்தைத்தான் ஊதினாள். அவளுக்கு மேலே ட்ரம்பெற்காரர் வேறொன்று, கீழே தபால்காரரின் ட்ரொம்போன் இன்னொன்று, அடியிலே டியூபா மெதுவாக நடக்கிறது. நாலும் சேர்ந்தபோது மகளின் மூன்று சுரம் நடுவில் சுவர்மாதிரி நின்றது. அவள் ஒருதரம் பிழைவிட்டு நிறுத்தியபோது அந்த இடம் ஓட்டையாகக் கேட்டது. அன்றைக்குத்தான் விளங்கியது. அதற்குப் பிறகு அவள் வீட்டில் ஊதும்போது மற்ற மூன்றையும் நானே மனதுக்குள் போட்டுக் கேட்பேன்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். செவ்வாய் 18.00 மணிக்குச் சின்னப் பிள்ளைகள், 19.30க்குப் பெரிய குழு. வாத்தியம் இரவல், இலவசம். புது ட்ரம்பெற் ஓரளவு நல்லதாக வாங்குவதென்றால் 500 யூரோவாவது வேண்டும், ஆறு மாதத்தில் பிள்ளை விட்டுவிட்டால் அது அலமாரிக்குள் கிடக்கும். இங்கே தேவாலயத்தின் பெட்டியிலிருந்து எடுத்துத் தருகிறார்கள், விட்டுவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். நாங்கள் முதலில் விசாரித்த ஒரு இசைப்பள்ளியில் அரை மணி வகுப்புக்கு மாதம் 70 யூரோவுக்குக் கிட்டக் கேட்டார்கள், பெயர் பதிந்து எட்டு மாதம் காத்திருக்கவும் சொன்னார்கள். மாஸ்ரர், "செவ்வாய் கொண்டுவா" என்றார். அவ்வளவுதான்.

எங்களுக்குக் கிடைத்த ட்ரம்பெற் பற்றி ஒரு வார்த்தை. பழசு, மினுக்கம் போனது, உள்ளே சேரும் தண்ணீரை விடுகிற திறப்பின் அடியில் ஈயம் ஒரு கட்டியாக ஒட்டியிருந்தது. குழாய்க்காரர் அல்லவா, தானே பற்றவைத்திருக்கிறார். பின்னாளில் அதை ஒரு வாத்தியம் செய்கிறவரிடம் காட்டினேன். யார் செய்தது என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஆனால் ஒழுகவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு அவர் செய்கிற ஒரு காரியத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. பழகத் தொடங்கி இரண்டு மாதத்தில் ஒரு பிள்ளைக்கு ஐந்து சுரம் வரும், டொச்சுப் பெயரில்: பே, சே, டே, எஸ், எஃப். ஐந்து சுரத்தை வைத்து தேவாலயத்தில் என்ன வாசிப்பது? மாஸ்ரர் வீட்டில் உட்கார்ந்து, வருகிற ஞாயிறுக்குரிய ஒவ்வொரு பாட்டுக்கும் அந்தப் பிள்ளைக்கென்று தனியாக ஒரு பகுதி எழுதுவார். பென்சிலால், கோடு போட்ட தாளில். அந்த ஐந்து சுரத்தைத் தாண்டாது, மற்ற நாலு குரலோடும் முட்டாது, பிள்ளைக்கு மூச்சு வாங்க இடமும் இருக்கும். மேல் மூலையில் பிள்ளையின் பெயர். ஆறாவது சுரம் வந்த கிழமை பழைய தாள் போய்ப் புதுத் தாள் வரும், அந்தப் புதுச் சுரம் ஒரே ஒரு இடத்தில், பெரும்பாலும் கடைசி வரியில் இருக்கும். மகள் 2019 செப்டெம்பரில் சேர்ந்தாள். டிசெம்பர் முதலாம் அட்வெண்டுக்கு 80 வயதுக்காரருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து ஊதினாள். கால் நிலத்தில் முட்டவில்லை.

அந்தத் தாள்களை எல்லாம் நாங்கள் ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறோம். 31 தாள். ஒன்றில் கோப்பி சிந்திய வட்டம். மனைவிதான் எண்ணிப் பார்த்தாள், ஒரு பிள்ளைக்கு 31 என்றால் 46 வருடத்தில் எத்தனை பிள்ளை, எத்தனை இரவு என்று. பிறகு கணக்கை விட்டுவிட்டாள்.

இனிக் குறைகள். முதலாவது, ஒரு பெற்றோராவது இதை முன்பே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு தலையிடி குறைந்திருக்கும். இந்தக் குழுக்களில் ட்ரம்பெற் படிக்கிற முறை வேறு. உலகத்தில் மற்ற இடங்களில் பெரும்பாலும் ட்ரம்பெற்காரருக்குத் தாளில் ஒரு சுரம் எழுதியிருக்கும், கேட்பது அதைவிட ஒரு முழுச் சுரம் கீழே. இங்கே தாளில் எழுதியதே காதில் கேட்கும், பியானோவுக்கு எழுதுவதுபோல. தாளில் 'சே' கண்டால் மற்றவர்கள் விரலால் அழுத்துகிற மூன்று திறப்பில் ஒன்றையும் அழுத்தாமல் ஊதுவார்கள். எங்கள் பிள்ளைகள் ஒன்றையும் மூன்றையும் அழுத்துவார்கள். மகள் ஏழாம் வகுப்பில் பள்ளி வாத்தியக் குழுவில் சேர்ந்த முதல் நாள், எல்லோரும் ஒரு பாட்டு வாசிக்க, என் பிள்ளை அதே பாட்டை ஒரு முழுச் சுரம் மேலே, சத்தமாக, நம்பிக்கையோடு வாசித்திருக்கிறாள். அழுதுகொண்டு வந்தாள். மாஸ்ரரிடம் முறையிட்டேன். "அவர்கள் பிழையாக எழுதுகிறார்கள்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை. இரண்டு முறையையும் பழக அவளுக்கு ஒரு குளிர்காலம் போனது. இப்போது சுலபமாக மாற்றுகிறாள், அது வேறு கதை. இன்னொரு தொல்லை, டொச்சில் 'பே' என்றால் ஆங்கிலக்காரரின் பி-பிளாற், அவர்களுடைய பி இங்கே 'ஹா'. யூடியூப்பில் ஆங்கிலக் காணொளி பார்த்துப் பழகுகிற பிள்ளைகள் இதில் நன்றாகக் குழம்புவார்கள்.

இந்த முறை ஏன் வந்தது என்று கேட்டால் மாஸ்ரர் கதை சொல்லத் தொடங்குவார். அடுத்த அரை மணி போய்விடும், அதையும் குறையாகவே எழுதுகிறேன். ஆனால் கதை நல்ல கதை. இந்தக் குழுக்கள் தொடங்கியது எங்கள் பக்கத்தில்தான். பீலஃபெல்டுக்கு அருகே யொல்லன்பெக் என்ற ஊரில் 1840களின் தொடக்கத்திலேயே ஒன்று இருந்தது. அப்புறம் கோஃபெல்ட் பாதிரியார் எடுவார்ட் கூலோ, அவருடைய மகன் யொஹானஸ் கூலோ. கோஃபெல்ட் இப்போது லோனே நகரத்தின் ஒரு பகுதி, நான் வேலைக்குப் போகிற வழி. மகன் 1856இல் அங்கே பிறந்தவர், பின்னாளில் பீலஃபெல்டின் பேதல் பகுதியில் பாதிரியார், பட்டப்பெயர் 'பொசௌனன் ஜெனரல்'. 1881இல் இவர்களுடைய முதல் இசைப் புத்தகம் வந்தது. பண்ணையாட்களும் கைவினைஞர்களும் ஊத வருகிறார்கள், அவர்களும் பாடுகிறவர்களும் ஓர்கன் வாசிக்கிறவரும் ஒரே புத்தகத்தைப் பார்த்து வாசிக்கட்டும் என்றுதான் எழுதியதே ஒலிக்கும் இந்த முறை. மனிதக் குரல்மாதிரிப் பாட வேண்டும், ட்ரம்பெற் கத்துகிறது என்று ஃப்ளூகல்ஹோர்னைத் தூக்கிப் பிடித்ததும் மகன் கூலோதான். எங்கள் மாஸ்ரர் ஊதுவதும் ஃப்ளூகல்ஹோர்ன்.

அதே கூலோ வயது போன காலத்தில் ஹிட்லரைக் கொண்டாடியவர். பயிற்சி அறையில் அவருடைய படம் மாட்டியிருந்ததாம். மாஸ்ரர் தலைவரான சில வருடத்தில் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டார். அன்றைய மூத்தவர்கள் இரண்டு பேர் அந்தக் கோபத்தில் குழுவை விட்டே போனார்கள். படம் இருந்த இடம் சுவரில் இன்னும் வெளிறி இருக்கிறது, வெள்ளை அடிக்கக் காசில்லை. பெண் பிள்ளைகளைச் சேர்த்ததும் இவர் காலத்தில்தான், அதற்கு முன் எங்கள் குழுவில் ஆண்கள் மட்டும். இதை அவர் பெருமையாகச் சொல்வதில்லை. டியூபா ஊத ஆள் இல்லை, அந்தப் பிள்ளைக்கு நுரையீரல் இருந்தது என்றுதான் சொல்வார்.

மதம் மாற்றுவார்களா? எனக்கும் பயம் இருந்தது. வருடா வருடம் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் தேருக்குப் போகிற குடும்பம் நாங்கள். முதல் மாதமே மாஸ்ரரிடம் நேராகக் கேட்டேன்: நாங்கள் சைவர்கள், பிள்ளை ஞானஸ்நானம் பெறாது, ஊதலாமா? அவர் மகளைப் பார்த்தார். "முதலில் மேல் எஃப் வரட்டும், மற்றதைப் பிறகு கதைப்போம்" என்றார். மேல் எஃப் வந்து நாலு வருடம் ஆயிற்று, இன்னும் ஒருவரும் கதைக்கவில்லை. ஆனால் ஒளிக்காமல் சொல்கிறேன், இது தேவாலயக் குழு, ஆராதனையில் ஊதத்தான் இந்தப் பயிற்சி. மாதம் ஒரு ஞாயிறாவது காலமை வாங்கில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்க வேண்டும். அது முடியாது என்றால் இங்கே விட வேண்டாம். நாங்கள் தேவாலய வரியும் கட்டுவதில்லை, கட்டுகிறவர்களுக்கு இந்த மாநிலத்தில் வருமான வரியில் 9 வீதம். அந்தக் காசில் வாங்கிய வாத்தியம் எங்கள் வீட்டில் இருக்கிறதே என்று மனைவிக்கு ஒரு குறுகுறுப்பு, அதனால் கோடை விழாவுக்கு 150 றோல்ஸ் பொரிக்கிறாள். உறைப்பைக் குறைத்துத்தான்.

ஞாயிறு மட்டும் என்று நினைத்து வரவும் வேண்டாம். நவம்பரில் சென் மார்ட்டின் ஊர்வலம், அதே மாதக் கடைசியில் இறந்தவர்களை நினைக்கிற ஞாயிறு, அட்வெண்ட், நத்தார் இரவு கோபுரத்தில், ஈஸ்டர் விடியற்காலமை கல்லறையில், கோடையில் வெளியே ஆராதனை. இவை தவிரப் பிறந்தநாள். ஊரில் யாருக்காவது 80, 85, 90 வயது வந்தால் குழு அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று மூன்று பாட்டு ஊதும். மாஸ்ரரிடம் ஒரு கொப்பி இருக்கிறது, ஊர் முழுக்கப் பிறந்த தேதியோடு. அவர் முன்பு வெப்பமூட்டி பொருத்திய வீடுகள்தான் பாதி, எந்த வீட்டுக்கு எந்தப் படியால் இறங்கவேண்டும் என்பதுகூடத் தெரியும். பெரியவர்களுக்கு ஒரு சின்னக் கிளாசில் ஷ்னாப்ஸ் (சாராயம்) வரும், பிள்ளைகளுக்குச் சொக்லேற்.

வெளியே ஊதுவதென்றால் இரண்டு பொருள் கட்டாயம்: உடுப்புக் காயப்போடும் கிளிப், குறைந்தது நாலு; விரல் நுனி வெட்டிய கையுறை. கிளிப் இல்லாவிட்டால் தாள் காற்றில் பறக்கும். மாஸ்ரர் சட்டைப் பையில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு மரக் கிளிப் கொளுவியிருக்கும், எங்கள் வீட்டுக் கிளிப் எல்லாம் மெல்ல மெல்ல அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன. ஒரு அட்வெண்ட் சனிக்கிழமை சந்தையில் ஊதினார்கள், நல்ல உறைகுளிர். இரண்டாவது பாட்டில் மகளின் திறப்புகள் இறுகிவிட்டன. ஊதும் மூச்சின் ஈரம் உள்ளே தண்ணீராகி அப்படியே உறைந்துவிடும். அழுத்தினால் இறங்காது, இறங்கினால் எழும்பாது. மகள் என்னைத் தேடிக் கூட்டத்தைப் பார்க்கிறாள். மாஸ்ரர் ஒரு கையால் தாளம் காட்டிக்கொண்டே மற்றக் கையால் தன் மேலங்கிக்குள் வைத்திருந்த ஃப்ளூகல்ஹோர்னை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவளுடைய ட்ரம்பெற்றை வாங்கி அதே அங்கிக்குள் வைத்துப் பொத்தானும் போட்டார். பாட்டு நிற்கவில்லை. மூன்றாவது பாட்டு முடியும்போது அது இளகியிருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு, "இனிமேல் நீயும் குழந்தையை வயிற்றோடு வை" என்றார்.

பல்லுக்குக் கம்பி போடுகிற வயதில் பாதிப் பிள்ளைகள் ட்ரம்பெற்றை விட்டுவிடுவார்கள் என்று சொல்வார்கள். மகளுக்கும் 12 வயதில் கம்பி வந்தது, உதட்டின் உட்புறம் வெட்டி இரத்தம். மருத்துவர் தந்த மெழுகு ஒரு கிழமைதான் தாங்கியது. இசைப்பள்ளியாக இருந்தால் வகுப்பை நிறுத்திவைத்திருப்போம். மாஸ்ரர் பெட்டியிலிருந்து ஒரு டெனோர்ஹோர்ன் எடுத்துக் கொடுத்தார். அதன் வாய் பெரிது, உதட்டில் அவ்வளவு அழுந்தாது. ஆனால் அது மூன்றாம் குரல், கீழ்ச் சுரங்களுக்கான வேறு குறியில் எழுதியிருக்கும், அதாவது வாசிப்பை முதலிலிருந்து பழக வேண்டும். முணுமுணுத்தபடி பழகினாள். கம்பி கழன்ற பிறகும் அவள் ட்ரம்பெற்றுக்குத் திரும்பவில்லை. இதற்கு நான் புள்ளி போடுவதென்றால் முழுப் புள்ளியும் போடுவேன்.

அயலவர் தொல்லை பற்றிப் பலர் கேட்கிறார்கள். நாங்கள் இருப்பது அடுக்குமாடி. மேல்வீட்டு மனிதர் ஒருமுறை கடிதம் போட்டார். 2018 ஒக்டோபரில் ஜேர்மன் உச்ச நீதிமன்றம் ஒரு ட்ரம்பெற்காரரின் வழக்கிலேயே சொல்லியிருக்கிறது: வீட்டில் வாத்தியம் வாசிப்பதை முற்றாகத் தடுக்க முடியாது, வேலைநாளில் இரண்டு மூன்று மணி, ஞாயிறிலும் விடுமுறையிலும் ஒன்று இரண்டு மணி என்பது பொதுவான ஒரு அளவு, மத்தியான ஓய்வும் இரவும் அமைதி. நான் அந்தத் தீர்ப்பை அச்சடித்து வைத்தேன். கொடுக்கத் தேவைப்படவில்லை. மாஸ்ரர் விஷயம் கேட்டு, அந்த மனிதரின் 80ஆவது பிறந்தநாள் எப்போது என்று கொப்பியைப் புரட்டினார். இன்னும் ஆறு வருடம் இருந்தது. தாயாருக்கு 95 வரப்போவது கண்ணில் பட்டது. போய் ஊதினார்கள்.

2020 வசந்தத்தில் எல்லாம் மூடியபோது ஊதுகிறவர்கள் ஒரு அறையில் கூடவே முடியாது, மூச்சுத்தானே பிரச்சினை. அந்த ஈஸ்டர் ஞாயிறு காலமை நாடு முழுக்க ஊதுகிறவர்கள் அவரவர் வீட்டு மாடத்திலும் வாசலிலும் நின்று ஒரே நேரத்தில் ஒரே பாட்டை ஊதினார்கள். மாஸ்ரர் முதல் நாளே வந்து எங்கள் தபால்பெட்டியில் தாள் போட்டுவிட்டுப் போயிருந்தார். ஒன்பது சுரம். மகள் பல்கணியில் நின்று ஊதினாள். எங்கோ தள்ளி இன்னொரு ட்ரம்பெற் கேட்டது, அவளைவிட அரை அடி பிந்தி.

இப்போது பெரிய குறை. இந்த நிறுவனம் முழுவதும் ஒரு மனிதர். மின்னஞ்சல் இல்லை, வாட்ஸ்அப் குழு இல்லை. வருடத்தில் இரண்டுமுறை ஒரு தாளில் நிகழ்ச்சி நிரல், அதில் மாற்றம் வந்தால் வீட்டு ஃபோனுக்கு அழைப்பார், நாங்கள் வீட்டு ஃபோனை வைத்திருப்பதே அவருக்காகத்தான். சாவி அவரிடம், தாள் அலமாரி அவர் தலைக்குள், எந்தப் பாட்டு எந்தக் கோப்பில் என்று வேறு ஒருவருக்கும் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன் இடுப்பு மூட்டு மாற்றினார்கள், ஆறு கிழமை வரவில்லை. முதல் செவ்வாய் பேக்கரிக்காரர் நடத்திப் பார்த்தார். மூன்றாவது செவ்வாய் ஐந்து பேர்தான். நாலாவது செவ்வாய் சாவியை யார் வாங்குவது என்று தெரியாமல் எல்லோரும் வாசலில் நின்றுவிட்டுப் போனார்கள். உதவி செய்கிறேன் என்று வருகிறவர்களையும் அவர் விடுவதில்லை. தாதியம்மா ஒருமுறை தாள்களை அகரவரிசையில் அடுக்கினார். அடுத்த கிழமைக்குள் எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விட்டன. பாட்டுத் தெரிவிலும் பிடிவாதம். வட்டாரத்துக்குச் சம்பளத்தோடு ஒரு பயிற்றுநர் இருக்கிறார், அவர் வந்து கொஞ்சம் துள்ளலான புதுப் பாட்டுகள் தந்துவிட்டுப் போவார். மாஸ்ரர் அதையும் மயான வேகத்தில் நடத்துவார். பிள்ளைகள் கண்ணைக் கண்ணைப் பார்ப்பார்கள்.

அவர் இல்லாத பெருங்கூட்டத்தில்தான் அந்தப் பிள்ளைகள் துள்ளலை வாசித்தார்கள் என்று எழுத நினைத்தேன், ஆனால் அவர் இருந்தார். 2024 மே மாதம் ஹம்பூர்க்கில் நாடு தழுவிய ஊதல் விழா, சுமார் 15,000 பேர். முந்தையது 2016இல் ட்ரெஸ்டனில், அதற்கு முந்தையது 2008இல் லைப்சிக்கில். எட்டு வருடத்துக்கு ஒருமுறை தேர் ஓடுவதுபோல. கடைசி நாள் நகரப் பூங்காவில் ஆராதனை, புல் தெரியாத அளவுக்குப் பித்தளை. யாரோ தொலைவில் மேடையில் கை காட்ட, 15,000 பேரும் ஒரே மூச்சை இழுக்கிற சத்தம் முதலில் கேட்டது. ஊதுவதற்கு முன்னால் வருகிற அந்தச் சத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு வந்ததை இங்கே எழுத வராது. 46 வருடம் கை காட்டுகிறவர் அன்றைக்கு மூன்றாவது வரிசையில், மகளுக்குப் பக்கத்தில், தாளைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தார். துள்ளல் பாட்டில் அவர் தலை ஆடியதைக் கண்டேன். திரும்பி வந்து செவ்வாய்க்கிழமை அதே பாட்டு, மயான வேகம்.

2016இல் இந்தக் குழுக்களை ஜேர்மனியின் மரபுச் செல்வங்களின் தேசியப் பட்டியலில் சேர்த்தார்கள், யுனெஸ்கோ உடன்படிக்கைக்காக வைத்திருக்கிற பட்டியல். அதை அறிவிக்கிற தாள் பயிற்சி அறையில் ஒரு ஊசியில் தொங்குகிறது, கீழே யாரோ சொட்டிய தண்ணீரில் மை கலங்கி. அறை பற்றியும் சொல்ல வேண்டும்: நிலக்கீழ், புழுங்கல் மணம், ஒவ்வொரு கதிரைக்கும் முன்னால் நிலத்தில் வாத்தியத் தண்ணீர் சொட்டிய வட்டம். நல்ல சப்பாத்துப் போட்டு வர வேண்டாம். சுத்தம் பார்க்கிறவர்களுக்குக் கஷ்டம்.

போன மாதம் ஒரு புதுப் பையன் வந்தான், எட்டு வயது, சிரியாக் குடும்பம். இரண்டாவது கிழமை மகள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் கோடு போட்ட தாளை வைத்துக்கொண்டு பென்சிலால் எதையோ எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள். மாஸ்ரர் கொடுத்த வேலையாம். ஐந்து சுரத்துக்குள் நிற்க வேண்டும், மூன்றாம் குரலோடு முட்டக்கூடாது, எட்டாவது அடியில் எங்கே மூச்சு விடுவான் என்று தெரியவில்லை என்றாள். மூன்று தாள் வீணாய்ப் போனது. நாலாவதைக் கொண்டுபோனாள். மாஸ்ரர் ஒரே ஒரு சுரத்தை அழித்து அந்த இடத்தில் ஓய்வுக் குறி போட்டுக் கொடுத்தாராம். தனக்கு இன்னும் இரண்டு வருடம்தான் என்கிறார். எங்களுக்குத் தெரிய ஐந்து வருடமாக அதையே சொல்கிறார்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் போடுகிறேன். ஒன்றைக் குறைத்தது அந்தச் சாவிக்காக, வேறொருவரிடமும் ஒரு பிரதி கொடுத்தால் ஐந்தாக்குகிறேன். சேர விரும்புகிறவர்கள் முன்பதிவு செய்யத் தேவையில்லை, செய்யவும் முடியாது. செவ்வாய் 18.00 மணி, தேவாலயத்துக்குப் பின்னால் நிலக்கீழ் அறை. அழைப்பு மணி பல வருடமாக வேலை செய்யவில்லை. யன்னலில் தட்டவும், பாட்டு நடக்கும்போது தட்டினால் கேட்காது, முடியும்வரை நில்லுங்கள்.